கிளியர் சொல்லும் வேலை

கையில் சிவப்புக் கொடி. இடுப்பில் வாக்கி டாக்கி. தலைக்கு மேலே கம்பி ஒன்று முறிந்த குடை. பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். காலை பத்து மணி தாண்டியிருக்கும்.

கீழே, ஒரு காலத்தில் கிரானைட் வெட்டியெடுத்த பள்ளத்தில், ராக்கெட் எஞ்சின் ஒன்றை இரும்புச் சட்டத்தில் படுக்கவைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து வெள்ளைப் புகை இறங்கித் தரையோடு தவழ்கிறது. நெருப்புப் புகை மேலே போகும். இது குளிர்ப் புகை, கீழே போகும். சித்தூர் ஜில்லா வெயிலில் அந்தக் குழாய்களின் மேல் விரல் கனத்துக்கு உறைபனி படிந்திருக்கிறது.

மைனாக்கள் இல்லை. சோதனை நாட்களில் சைரன் ஊதுவதற்கு முன்பே அவை போய்விடும். எப்படித் தெரிந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அந்த அமைதியில் குழாய்கள் குளிரில் சுருங்கும் சத்தம் மட்டும் கேட்கும். பள்ளத்துக்குள் யாரோ உட்கார்ந்து நிதானமாகச் சொடக்குப் போடுவதுபோல் இருக்கும்.

அப்போதுதான் பாதையில் அந்த மனிதர் போவதைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மஞ்சள் பை. முதுகு மட்டும் தெரிந்தது.

எழுந்து நின்றேன். கூப்பிட வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

ஏன் மூடிக்கொண்டேன் என்று சொல்வதற்கு முன்னால், நான் அந்தப் பாறைக்கு எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஜீப் கம்பெனி

இந்தத் தொடரில் சென்ற வாரம், சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் சீசன் முடிந்து நான் துணிப்பையோடு வெளியே வந்து நின்ற இடத்தில் கதையை விட்டிருந்தேன். அந்த ஆலை மறு வருஷம் திறக்கவே இல்லை. நான் திருப்பதிக்குப் போய் ஒரு லாட்ஜில் படுக்கை விரித்தேன். காளஹஸ்தியில் கோயில் பக்கத்து ஓட்டலில் மாவாட்டினேன். எங்கேயும் ஆறு மாதத்துக்கு மேல் ஒட்டவில்லை. ஒட்டாதது யாருடைய குற்றமும் இல்லை. எனக்குக் கால் அப்படி.

பாலசமுத்திரம் பக்கம் பழைய குவாரி ஒன்றை ராக்கெட் கம்பெனி எடுத்திருக்கிறது, ஆள் சேர்க்கிறார்கள் என்று பஸ்ஸில் கேள்விப்பட்டேன். ராக்கெட் என்றால் ஸ்ரீஹரிகோட்டா, அது அரசாங்கம் என்றுதான் எனக்குத் தெரியும். இது தனியார். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். ராக்கெட் கடைசியில் பறக்கப்போவது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். எஞ்சினைக் கொளுத்திப் பார்க்க மட்டும் இந்தக் குவாரி.

அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு மதுமதி மேடம். கோயம்புத்தூர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் மார்க்கர் பேனாவோடு எப்போதும் நடந்துகொண்டே இருப்பார். உங்கள் ராக்கெட்டுக்கும் அரசாங்க ராக்கெட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் கேட்டபோது நின்று பதில் சொன்னார்.

"திருப்பதியில மலைக்குப் போற பஸ் இருக்குல்ல, அது மாதிரி பெரிய ராக்கெட். பெரிய சாட்டிலைட்டுக்காகக் கிளம்பும். மிச்ச இடம் இருந்தா சின்னதுங்களை ஏத்திப்பாங்க. அது கிளம்புறப்பதான் கிளம்பணும், அது நிக்கிற இடத்துலதான் இறங்கணும். நாங்க ஜீப். நாலு பேர் சேந்தா போதும், எங்க சொல்றீங்களோ அங்க இறக்கி விடுவோம். ரேட்டும் கம்மி."

"ஜீப்புல தொங்கிக்கினும் போவாங்க மேடம்."

"இதுல தொங்க முடியாது ஏழுமலை."

ரேட் கம்மியாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் பார்த்த சிக்கனத்தை நேரில் கண்டால்தான் நம்ப முடியும். அலுவலகம் என்பது இரண்டு பழைய கப்பல் கன்டெய்னர்கள். எஞ்சின் எரியும்போது பாறை வெடிக்காமல் இருக்க, நெருப்பின் மேல் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்தத் தண்ணீர்த் தொட்டி நான் வேலை செய்த அதே மாம்பழக்கூழ் ஆலையிலிருந்து ஏலத்தில் வாங்கியது. துருப்பிடிக்காத ஸ்டீல். உள்ளே ஏறிக் கழுவியவன் நான்தான், இரண்டு இடத்திலும். எத்தனை கழுவியும் முதல் சோதனையில் தண்ணீர் நெருப்பில் பட்டு ஆவி கிளம்பியபோது குவாரி முழுக்கப் பழுத்த மாம்பழ வாசனை அடித்தது. மாம்பழமே இல்லாத மாதம் அது. வேலையாட்களில் இரண்டு பேர் மறுநாள் வரவில்லை.

மூன்றாம் போஸ்ட்

எனக்குக் கிடைத்தது கொடி வேலை. அதற்கு முன்னால் வேறு குவாரிகளில் வெடி வைக்கும்போது நான் கொடி பிடித்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனை ராக்கெட் கம்பெனி எடுத்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

சோதனைக்கு முன் பள்ளத்தைச் சுற்றி யாரும் இருக்கக் கூடாது. வேலையாட்கள் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளை வில்லை உண்டு. உள்ளே வரும்போது கேட்டில் ஒரு பலகையில் மாட்ட வேண்டும், வெளியே போகும்போது அடுத்த பலகைக்கு மாற்ற வேண்டும். போன்களையும் கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். பலகையைப் பார்த்தால் உள்ளே யார், வெளியே யார் என்று தெரியும்.

பலகைக்குத் தெரியாத ஒன்று உண்டு. குவாரியின் பின்புறம், வேலிக்கு வெளியே, பள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஒரு பழைய ஒற்றையடிப் பாதை. ஊர்க்காரர்கள் பஸ் ரோட்டுக்குக் குறுக்கே போக அதைப் பயன்படுத்துவார்கள். எஞ்சின் வெடித்தால் அந்தப் பாதையில் இருப்பவர் பிழைக்க மாட்டார். அந்தப் பாதைக்கு மேலே, எட்டத்தில் உள்ள பாறைதான் மூன்றாம் போஸ்ட். என் இடம்.

கன்டெய்னரிலிருந்து மேடம் வாக்கி டாக்கியில், "போஸ்ட் மூணு, கிளியரா?" என்று கேட்பார். நான் "கிளியர்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் சம்பளம்.

"ஆள் இருக்குன்னு தெரிஞ்சா 'ஹோல்ட்'னு சொல்லு. ஒரு நொடி பாக்கி இருந்தாலும் சொல்லு" என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். "ஹோல்ட் சொன்னவனை இங்க யாரும் திட்ட மாட்டாங்க. என்ன நஷ்டம் ஆனாலும்."

முதுகுக்குப் பின்னால்

எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். நடக்கத் தொடங்கியவரை முதுகுக்குப் பின்னால் கூப்பிடவும் மாட்டார்கள். தப்பித் தவறிக் கூப்பிட்டுவிட்டால் அவர் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது என் நைனா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினார். மேஸ்திரியின் லாரி ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. நான் பின்னாலிருந்து, "நைனா, எனக்கு பம்பரம்" என்று கத்தினேன். அவர் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். பானையில் தண்ணீர் இல்லை. அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய் வாங்கி வந்தாள். அதற்குள் லாரி போய்விட்டது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் கம்பங்கூழ்தான். நான் வாங்கிய அடியில் முன்பல் ஒன்று போனது. ஆடிக்கொண்டிருந்த பல்தான். ஆனாலும் அதற்குப் பிறகு போகிற யாரையும் நான் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. குவாரிகளில் கொடி பிடித்தபோதுகூட விசில்தான் ஊதுவேன், அதுவும் எதிரே வருகிறவர்களைப் பார்த்துத்தான்.

இந்த விஷயத்தை வேலைக்குச் சேரும்போது நான் மேடத்திடம் சொல்லவில்லை. அது வேலைக்குக் குறுக்கே வரும் என்று எனக்கே தோன்றவில்லை.

தொட்டிக்குத் தண்ணீர் நிரப்புவது தனபால் அண்ணனின் வேலை. பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது தாண்டியவர். அன்றைய சோதனை நாளில்தான் அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசப் புத்தூர் போக வேண்டியிருந்தது. விடியற்காலையிலேயே வந்து தொட்டியை நிரப்பிவிட்டு, நீலப் பேண்டைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டார். ஒன்பது மணிக்கு என்னிடம் வந்தார்.

"டேங்க்கு ரொப்பிட்டேன். மேடம் கேட்டா சொல்லு. நான் கெளம்பறேன்டா."

"போயிட்டு வாணா. மாப்ள வூட்டுக்காரங்க காத்துக்கினு இருப்பாங்க."

"காத்துக்கினு இருக்கட்டும். பொண்ணு குடுக்கறவன் முன்னாடியே போய் குந்திக்கினா மதிப்பு இருக்காது." தோளில் இருந்த மஞ்சள் பையைத் தட்டிக் காட்டினார். "வெத்தல வாடாம போய்ச் சேரணும், அதான் என் கவல."

கேட்டில் அவர் வில்லையை வெளிப்பலகையில் மாட்டியதை நான் பார்த்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, பாதையில் அதே வேட்டி, அதே மஞ்சள் பை.

ஒன்பது நொடி

பஸ்ஸை விட்டுவிட்டார், குறுக்கே போகிறார் என்று நினைத்தேன். சோதனைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பத்து நிமிடத்தில் பாதையைத் தாண்டிவிடலாம். மகளின் கல்யாணம் பேசப் போகிறவரை நான் ஏன் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும்? வாயை மூடிக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

பாதை ஓரிடத்தில் பாறைக்குப் பின்னால் வளைந்து மறைந்து, அந்தப் பக்கம் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே மறுபடி தெரியும். பனைமரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை.

சைரன் ஊதியது.

"போஸ்ட் மூணு, கிளியரா?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்ட நேரத்தில் அவர் தாண்டியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "கிளியர்" என்றேன்.

சொன்ன பிறகும் பனைமரங்களையே பார்த்தேன். அவரிடம் போன் உண்டு, என் போன் கேட்டில் இருந்த பெட்டியில் கிடந்தது. கன்டெய்னரில் அன்றைக்கு வெளியாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடலையும் பயிரையும் படம் எடுக்கும் சின்ன சாட்டிலைட்டுகள் வைத்திருந்தவர்கள். இந்த எஞ்சின் எரிந்தால் ஜீப்பில் ஏறுவதாகச் சொல்லியிருந்தார்கள். எரியாவிட்டால் கம்பெனி தாங்காது என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். நாற்பது பேரின் வேலை.

ஸ்பீக்கரில் எண்கள் இறங்கின. பன்னிரண்டு, பதினொன்று, பத்து. பனைமரங்களுக்கு நடுவே வெயில் மட்டும் இருந்தது.

"ஹோல்ட்" என்றேன். "ஹோல்ட், ஹோல்ட். பாதையில தனபால் அண்ணன் கீறாரு."

ஒன்பதில் நின்றது.

அடைத்து வைத்த திரவ ஆக்ஸிஜனை அப்படியே வைத்திருக்க முடியாது. திறந்து விட்டார்கள். பள்ளம் முழுக்க வெண்மையாக நிரம்பி, பாதை வரை ஏறி வந்து, மெதுவாக வடிந்தது. நாங்கள் ஆறு பேர் தேடினோம். புழுதியில் முந்தைய நாள் ஆடுகளின் குளம்பு மட்டும் பதிந்திருந்தது. செருப்புத் தடம் ஒன்றுகூட இல்லை. வளைவில் இல்லை, பள்ளத்தில் இல்லை, புதரில் இல்லை.

என் போனை எடுத்து வந்து கொடுத்தார்கள். மேடம் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். மூன்றாம் முறை அடித்தபோது தனபால் அண்ணன் எடுத்தார்.

"இன்னாடா, பலகாரம் துன்னுக்கினு கீறேன். அப்பறம் பேசறேன்."

"அண்ணா, எங்க கீற?"

"புத்தூர்லடா. வேற எங்க கீறதாம்? ஒம்போதே காலுக்கே பஸ் வந்துட்ச்சி." பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தமும் தட்டுச் சத்தமும் கேட்டன. "டேங்க்குல இன்னா, லீக்கா?"

மேடம் என் கையிலிருந்து போனை வாங்கி, "ஒண்ணும் இல்லைங்கண்ணா, சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்தார்.

கேமராவில் பார்த்தது

என்னை யாரும் திட்டவில்லை. மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் கன்டெய்னருக்குக் கூப்பிட்டு, பாதையைப் பார்த்து வைத்திருந்த கேமராவின் பதிவைப் போட்டுக் காட்டினார்.

படத்தில் பாதை காலியாக இருந்தது. மேல் மூலையில், பாறையின் மேல் நான். சின்ன உருவமாகத் தெரிந்தேன். உட்கார்ந்திருக்கிறேன். திடீரென்று எழுகிறேன். கை வாய்ப்பக்கம் போகிறது. பிறகு கீழே இறங்குகிறது. என் தலை மட்டும் மெல்ல மெல்ல வலமிருந்து இடமாகத் திரும்புகிறது. நடந்து போகிற ஒருவரைப் பார்க்கும்போது தலை எப்படித் திரும்புமோ அப்படி. பாதையில் ஒன்றும் இல்லை. என் தலை மட்டும் அவரோடு போகிறது.

மேடம் அதை இரண்டு தடவை ஓட்டினார்.

"வெயில்ல தண்ணி குடிக்காம உக்காந்திருந்தியா?"

"குடிச்சேன் மேடம்."

"அடுத்த வாரம் ஆக்ஸிஜன் டேங்கர் வருது. அந்தக் கஸ்டமருங்க இன்னொரு தடவை வர்றோம்னு ஒத்துக்கிட்டாங்க. அதுக்கு மேல வர மாட்டாங்க." கம்பெனி இருப்பதும் போவதும் அதில்தான் இருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கேட்டில் வில்லை மாட்டும்போதெல்லாம் அங்கே இருந்த காவலாளி, "ஏமய்யா, ஈ ரோஜு எவரொச்சாரு?" என்று கேட்பார். இன்றைக்கு யார் வந்தது என்று. நான் அவருடைய அப்பா பெயரைச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தனபால் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. சம்பந்தம் முடிவாகிவிட்டது, தேதி குறித்தாயிற்று. அந்தச் சந்தோஷம் முகத்தில் இல்லாமல் என்னைத் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"என்னப் பாத்தியாமே."

"உன்ன மாதிரி ஒருத்தர."

"மூஞ்ச பாத்தியா?"

"இல்லணா. முதுகுதான்."

"திரும்பிப் பாத்தேனா?"

தன்னைப் பற்றியே அப்படிக் கேட்டார். "இல்ல, நேரா போய்க்கினே இருந்த" என்றேன்.

அவர் தொட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார். "எங்க போனேன்?" என்றார்.

அந்த வாரம் காளஹஸ்திக்குப் போய் ராகு கேது பூஜை செய்துவிட்டு வந்தார். சோதனைக்கு முந்தைய நாள் மேடத்திடம் போய், வேலை முடிந்ததும் மூன்றாம் போஸ்ட்டில் என்னோடு உட்கார அனுமதி கேட்டார். மேடம் சரி என்றார். இன்னொரு ஹோல்ட் வராமல் இருக்க அவருக்கும் அதுதான் நல்லதாகப் பட்டிருக்க வேண்டும்.

மறுபடியும் பாறை மேல்

ஆக்ஸிஜன் டேங்கரின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். ராகு காலம் முடியக் காத்திருந்தார்கள். இவ்வளவு படித்தவர்கள் இதையெல்லாம் பார்ப்பார்களா என்று நினைக்க வேண்டாம், படித்தவர்கள்தான் நேரத்தைச் சரியாகப் பார்த்தார்கள். பாதைக்கு இன்னும் இரண்டு கேமரா வந்திருந்தது. டிரோன் ஒன்று மேலே சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கியது. யாரும் இல்லை.

தனபால் அண்ணன் நீலப் பேண்டிலேயே வந்து என் பக்கத்தில் குந்தினார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இங்கதான கீறேன்?" என்றார்.

"கீறணா."

"அப்ப வேற எவனப் பாத்தாலும் அது நான் இல்ல. புரிஞ்சிதா? உன் வேலைய நீ பாரு."

மைனாக்கள் போய்விட்டிருந்தன. குழாய்கள் சொடக்குப் போடத் தொடங்கின. சைரன் ஊதியது.

பாதையில் அவர் வந்தார். வலப்பக்கத்திலிருந்து, அதே வேட்டி, அதே மஞ்சள் பை, அவசரமில்லாத அதே நடை. நடக்கும்போது இடது தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வது தனபால் அண்ணனின் வழக்கம். அதுவும் அப்படியே இருந்தது. அண்ணனின் விரல்கள் என் மணிக்கட்டில் இருந்தன. நான் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவரும் பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஒன்றும் இல்லை. வெறும் பாதையைப் பார்க்கிற கண்.

"போஸ்ட் மூணு, கிளியரா?"

நான் செய்தது இதுதான். எழுந்து நின்று, வாழ்க்கையில் செய்யாததைச் செய்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டேன்.

"அண்ணா. நில்லுணா."

"யாரக் கூப்புடற?" என்றார் தனபால் அண்ணன். அவர் பிடி இறுகியது. "டேய், யாரக் கூப்புடற?"

கீழே அந்த மனிதர் நின்றார். கூப்பிட்ட குரலைக் கேட்டு நிற்பவர்கள் நிற்பதுபோல், ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. திரும்பவில்லை. திரும்புவதா வேண்டாமா என்று யோசிப்பவரைப்போல் கழுத்து மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"போஸ்ட் மூணு? கேமராவுல யாரும் இல்ல. உன் பக்கம் கிளியரா?"

ஹோல்ட் என்று சொன்னால் திட்ட மாட்டார்கள். ஆக்ஸிஜனைத் திறந்து விடுவார்கள், கஸ்டமர்கள் போய்விடுவார்கள், அதற்குப் பிறகு குவாரியைப் பூட்டுவார்கள். கிளியர் என்று சொன்னால், நான் கண்ணால் பார்க்கிற ஒருவர் அங்கே நிற்கிறார். என்னால் நிறுத்தப்பட்டு நிற்கிறார். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் இந்நேரம் வளைவைத் தாண்டியிருப்பார்.

"கிளியர்" என்றேன்.

ஸ்பீக்கரில் எண்கள் இறங்கிய அத்தனை நேரமும் அவர் நகரவில்லை. நானும் கண்ணை எடுக்கவில்லை. கடைசி மூன்று எண்ணுக்கு மட்டும் மூடிக்கொண்டேன்.

அந்தச் சத்தம் காதுக்கு வராது. நெஞ்சுக்கூட்டுக்குள் வரும், பற்களுக்குள் வரும். பாறையின் மேலிருந்த சரளைக் கற்கள் எழும்பி ஆடின. அறுபது நொடி என்று பிறகு சொன்னார்கள். சத்தம் நின்றபோது கன்டெய்னரில் கை தட்டும் ஓசை வாக்கி டாக்கி வழியாக வந்தது. மாம்பழ வாசனை அடித்தது. தனபால் அண்ணன் என் கையை விடாமல் தன் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம், மார்பு, முழங்கால் என்று ஒவ்வொன்றாக.

முதலில் போகிறவன்

எஞ்சின் அணைந்ததும் பாதையை முதலில் நடந்து பார்க்க வேண்டியவன் மூன்றாம் போஸ்ட் ஆள். நடந்தேன். கல் சூடாக இருந்தது, செருப்பு வழியாகத் தெரிந்தது. அவர் நின்ற இடத்தை அடையாளம் வைத்திருந்தேன், காய்ந்த எருக்கஞ்செடிக்குப் பக்கம். ஆவி படிந்து புழுதி ஈரமாகியிருந்தது. தடம் எதுவும் இல்லை. எரிந்த துணி இல்லை, பை இல்லை. குனிந்து மண்ணைத் தொட்டேன். சூடான ஈர மண், அவ்வளவுதான்.

"போஸ்ட் மூணு, யாராவது இருக்காங்களா?"

"இல்ல மேடம்."

தனபால் அண்ணனுக்கு எதுவும் ஆகவில்லை. இதைப் படிக்கிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். மகளின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்றைக்கும் அதே தொட்டியை அவர்தான் நிரப்புகிறார். அந்தக் கஸ்டமர்கள் ஜீப்பில் ஏறினார்கள். கம்பெனியும் நன்றாக இருக்கிறது. அக்கம்பக்கத்து ஊர்களில் அன்றைக்குக் காணாமல் போனவர் யாராவது உண்டா என்று நான் ஒரு மாதம் விசாரித்தேன். யாரும் இல்லை.

ஆனால் நான் அந்த ஒரு மாதம் அங்கே வேலையில் இல்லை. சோதனை முடிந்த மூன்றாம் நாள் காலை கன்டெய்னருக்குப் போய், கணக்கை முடித்துவிடுங்கள் என்றேன்.

மேடம் மேசைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பாறை, பாறைக்குக் கீழே பாதை. மேசையில் சோதனை அன்றைக்கு எல்லோருக்கும் கொடுத்த மைசூர்பாகில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது.

"சம்பளம் கூட்டித் தர்றேன் ஏழுமலை. உனக்குத்தான் அந்தப் பாதை தெரியும்."

"என்னால கிளியர் சொல்ல முடியாது மேடம்."

"ஏன்? பாத்ததைச் சொல்லு, அது போதும். அதுக்குத்தான் உன்னை வச்சிருக்கோம்."

"பாத்தத சொன்னா உங்க ராக்கெட்டு கெளம்பாது."

அவர் பேனாவின் மூடியைப் போட்டார். பிறகு கழற்றினார். கையில் பதிவு இருந்தது அவருக்கு, மூன்று கேமராவிலும். பாறையில் எழுந்து நின்று காலிப் பாதையைப் பார்த்துக் கூவுகிறவனைப் பார்த்திருப்பார். கூவிய பிறகு கிளியர் சொன்னதையும் கேட்டிருப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவர் இல்லை. மூன்று நாளாக அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது கேட்டார். குரலைத் தாழ்த்தி, ஜன்னல் பக்கம் திரும்பாமல்.

"அன்னிக்கு இருந்தாரா?"

"இருந்தாரு மேடம்."

வெளியே யாரோ இரும்புக் குழாயை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓயும் வரை அவர் பொறுத்திருந்தார்.

"இப்ப?"

அவருடைய தோளுக்கு மேலாக ஜன்னல் அப்படியே தெரிந்தது. நான் மைசூர்பாகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மேல் ஒரு எறும்பு ஏறியிருந்தது.

"தெரியல மேடம்" என்றேன்.

அது பொய் இல்லை. மூன்று நாளாக நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டிராயரைத் திறந்து, என் வில்லையை வாங்கி உள்ளே போட்டு மூடினார்.